ஜவ்வாது மலையில் கண்ட விண்வீடு

மாலை மயங்கும் வேளையில் வீட்டு முற்றத்தில் நின்று வானை நோக்குவோருக்குச் சில நாள்களில் அரியதொரு காட்சி கிட்டும். விண்மீன் ஒன்று தன் இடத்தை விட்டு எழுந்து நடந்தாற்போல, ஓர் ஒளிப்புள்ளி ஓசையின்றி மேற்றிசையில் தோன்றிக் கீழ்த்திசை நோக்கி விரைந்து செல்லும். விமானத்துக்கு உள்ளதுபோல் அதற்குச் சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் இல்லை. எரிமீனைப்போல் அது கண்ணிமைக்கும் நேரத்தில் மறைந்து போவதும் இல்லை. ஐந்தாறு நிமிடங்கள் வானை அளந்துவிட்டு, மேகம் ஏதும் இல்லாத இடத்திலேயே மெல்ல மங்கி மறையும்.

அதுவே பன்னாட்டு விண்வெளி நிலையம். அமெரிக்கா, ரஷ்யா, ஐரோப்பிய நாடுகள், ஜப்பான், கனடா ஆகியவை கூடிக் கட்டிய வீடு அது. அதன் முதற்பகுதி 1998-ஆம் ஆண்டு நவம்பர் 20-ஆம் நாள் விண்ணில் ஏவப்பட்டது. 2000-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் முதற்குழுவினர் அதனுள் குடியேறினர். அன்று தொட்டு அவ்வீட்டில் மனிதர் இல்லாத நாளே இல்லை. வழக்கமாக எழுவர் அதில் உண்டு, உறங்கி, ஆய்வுகள் செய்து வாழ்கின்றனர். நம் நாட்டின் சுபான்ஷு சுக்லா 2025-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள் அங்கே சென்று சேர்ந்து 18 நாள்கள் தங்கியிருந்ததைச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள்.

ஆயினும் வெறுங்கண்ணுக்கு அது ஒரு புள்ளிதான். புள்ளியைக் கண்டு, "அதில் மனிதர் வாழ்கின்றனர்" என்று பிள்ளைகளுக்குச் சொன்னால், கேட்டுக்கொள்வார்களேயன்றி மனத்தில் வாங்கிக்கொள்வது அரிது. அப்புள்ளியை ஒரு வீடாகவே காண இயலும். அதற்குக் கொல்லைப்புறத்தில் வைத்துக் கையால் திருப்பும் சிறு தொலைநோக்கி ஒன்றே போதும் என்று, குருமடத்தில் நம்மோடு பயின்ற நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். அவர் ஜவ்வாது மலைச் சிற்றூர் ஒன்றில் பங்குத்தந்தையாகப் பணியாற்றுகிறார். மார்ச் மாதத் தொடக்கத்தில் சனி, ஞாயிறு இரு நாள்களும் தம்முடன் தங்கிச் செல்லுமாறு அழைத்தார். தவக்காலத் தியானம் ஒன்றை அம்மலைமக்களுக்கு நடத்தித் தரும் பொறுப்பும் உடன் வந்ததால், மகிழ்ச்சியோடு இசைந்தோம்.

மலைப்பாதையும் பெரிய தொலைநோக்கியும்

வாணியம்பாடியில் புகைவண்டியை விட்டு இறங்கி, ஆலங்காயம் வழியாகப் பேருந்தில் மலையேறினோம். அடிவாரத்து வயல்கள் பின்தங்கியதும் வளைவுகள் தொடங்கின. புளி உலுக்கும் காலமாதலால், சாலையோரத்து மரந்தோறும் கோலேந்திய ஆடவரும் பொறுக்கும் பெண்டிருமாய் இருந்தனர். வீட்டு வாசல்களில் ஓடு நீக்கிய புளி காய்ந்து கிடந்தது. பலா மரங்களில் பிஞ்சுகள் தொங்கின. மலைக்காற்றில் ஓர் இதமான குளிர்ச்சி. ஆனால் பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. சாமை விளையும் நிலம் ஆண்டு முழுவதும் சோறு போடுவதில்லையாதலால், இளைஞர் பலர் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் வேலைக்குச் சென்றுவிடுகின்றனர் என்று உடன் வந்த பெரியவர் ஒருவர் சொன்னார்.

நண்பரின் ஊரை அடையுமுன், காவலூர் வானாய்வகத்தைக் கண்டோம். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில், மரங்கள் சூழ்ந்த அமைதியான இடம். 1968-ஆம் ஆண்டில், கோடைக்கானல் ஆய்வுக்கூடத்தில் செய்யப்பெற்ற 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றைக் கொண்டு இங்கே பணி தொடங்கினர். இதற்கு அடிகோலிய அறிஞர் வைணு பாப்பு 1982-ஆம் ஆண்டு காலமானார். அவர் கனவு கண்ட பெருந்தொலைநோக்கி 1986-ஆம் ஆண்டு ஜனவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டு, அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அதன் ஆடி மட்டும் 2.34 மீட்டர் விட்டமுடையது. குவிமாடத்தினுள் அண்ணாந்து நின்றபோது, பேராலயம் ஒன்றினுள் நிற்பதுபோல் குரல் தானே தாழ்ந்தது.

இத்தகைய பெருங்கருவியால் விண்வெளி நிலையத்தை எளிதாகப் பார்க்கலாமே என்று தோன்றும். உண்மை வேறு. பூமி தன்னைத்தானே சுற்றுவதால் விண்மீன்கள் நகர்வதுபோல் தோன்றுகின்றன. ஒரு பாகை தூரம் நகர அவற்றுக்கு 4 நிமிடங்கள் ஆகின்றன. அந்த மெல்லிய நகர்வை மயிரிழை பிசகாமல் தொடரவே பெருந்தொலைநோக்கிகள் அமைந்துள்ளன. விண்வெளி நிலையமோ நம் தலைக்கு நேர் மேலே வரும்போது ஒரு பாகையை ஒரே நொடியில் கடந்துவிடுகிறது. அதாவது விண்மீனைப்போல் 240 மடங்கு வேகம். யானையைக் கொண்டு சிட்டுக்குருவியைத் துரத்த இயலுமா? இந்த வேலைக்குக் கொல்லைப்புறக் கருவியே ஏற்றது.

ஆசிரியர் செய்த கருவி

மாலைத் திரிகால மணி ஒலிக்கும் வேளையில் நண்பரின் இல்லத்தை அடைந்தோம். சிற்றாலயம், அதனையொட்டி மாணவர் விடுதி, பின்புறம் முருங்கையும் பப்பாளியும் நிற்கும் கொல்லை. கிணற்றடிக்கு அப்பால் துப்புரவாகக் கூட்டிய வெட்டவெளியில் அந்தத் தொலைநோக்கி நின்றது. ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் அதனை அடிவாரத்திலிருந்து கொண்டுவந்திருந்தார். கண்ணாடி வட்டில்கள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நடுவே கார்போரண்டம் தூளும் நீரும் இட்டு, மாதக்கணக்கில் தம் கையாலேயே தேய்த்து ஆடியை உருவாக்கியவர் அவர். ஆடியின் விட்டம் 20 சென்டிமீட்டர். அது ஒரு நீண்ட குழாயின் அடியில் பொருத்தப்பட்டிருந்தது. குழாயோ ஒட்டுப்பலகைப் பெட்டி ஒன்றில் அமர்ந்திருந்தது. மேலும் கீழும், இடமும் வலமும், ஒரு விரலால் தள்ளினாலே வழுவழுவென்று திரும்பியது.

இப்பெட்டி அமைப்பை உலகுக்கு அளித்தவர் ஒரு துறவி என்று ஆசிரியர் கூறியபோது வியந்தோம். ஜான் டாப்சன் என்பவர் 1944-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் இராமகிருஷ்ண மரபைச் சார்ந்த மடத்தில் சேர்ந்தார். கையில் காசில்லாத துறவியாதலால், பழைய கப்பற் சாளரக் கண்ணாடியைத் தேய்த்து ஆடியாக்கினார். அட்டைக் குழாயையும் மரப்பலகையையும் கொண்டு கருவி சமைத்தார். அதனைத் தெருவில் வைத்துப் போவோர் வருவோர்க்கெல்லாம் நிலவைக் காட்டினார். 1967-ஆம் ஆண்டில் அவர் மடத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. ஆயினும் தெருவோரப் பணியை விடவில்லை. தம் அமைப்புக்குக் காப்புரிமையும் கோரவில்லை. 2014-ஆம் ஆண்டு தம் 98-ஆம் வயதில் அவர் காலமானபோது, உலகெங்கும் எண்ணற்ற கொல்லைப்புறங்களில் அவர் வகுத்த பெட்டிகள் நின்றன. அவற்றுள் ஒன்றே இம்மலைக்கும் வந்திருக்கிறது.

இருட்டிலும் அது ஒளிர்வது ஏன்?

விடுதிப் பிள்ளைகள் பன்னிருவரும் பாய் விரித்து அமர்ந்தனர். நிலையம் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஆசிரியர் அவர்களுக்குப் பாடம் தொடங்கினார்.

"கீழே ஆலங்காயத்தில் இருட்டிய பிறகும் இங்கே மலையுச்சி மரங்களில் வெயில் தங்கியிருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். எல்லாரும் கை தூக்கினர். விண்வெளி நிலையம் ஏறத்தாழ 420 கிலோமீட்டர் உயரத்தில் செல்வதால், நமக்குக் கதிரவன் மறைந்த பின்னும் அதற்கு மறைவதில்லை. அதன்மேல் படும் வெயிலே நமக்கு ஒளியாகத் தெரிகிறது என்று விளக்கினார். ஆகவேதான் மாலையில் இருட்டிய பின் ஒன்றரை மணி நேரமும், விடியலுக்கு முன் அதே அளவு நேரமும் மட்டுமே அதனைக் காண இயலும். நள்ளிரவில் அது நம் தலைக்கு மேலேயே சென்றாலும் பூமியின் நிழலுக்குள் இருப்பதால் தெரியாது.

அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 27,600 கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரத்தில் உலகை ஒரு சுற்று சுற்றிவிடுகிறது. எனவே அதில் வாழ்வோர் ஒரு நாளில் ஏறத்தாழ 16 முறை கதிரவன் எழுவதைக் காண்கின்றனர். "அப்படியானால் எந்தக் காலையில் பல் விளக்குவார்கள்?" என்று ஒரு சிறுவன் கேட்க, கொல்லை முழுவதும் சிரிப்பொலி எழுந்தது. அவர்கள் கடிகாரத்தை வைத்தே இரவு பகலை வகுத்துக்கொள்கின்றனர் என்று ஆசிரியர் பொறுமையாக விடையளித்தார்.

பின்னர் அவர் வியாழன் கோளைக் கண்ணருகு வில்லையில் கொண்டுவந்து, அதன் விளிம்பு கூர்மையாகத் தெரியும்வரை வில்லையை நகர்த்திச் சரிசெய்தார். நிலையம் வந்தபின் அதற்கெல்லாம் நேரம் இராது. 48 மடங்கு பெரிதாக்கும் வில்லையைப் பொருத்தினார். அதைவிடக் கூடுதலாகப் பெரிதாக்கினால் வானத்தின் மிகச் சிறு துண்டே தெரியும். நிலையம் அதற்குள் அகப்படாது. நிலையத்தின் நீளம் 109 மீட்டர். ஒரு கால்பந்து மைதானத்தின் அளவு. எடை ஏறத்தாழ 420 டன். இந்த வில்லையில் அது, வெறுங்கண்ணுக்கு முழுநிலவு தெரியும் அளவில் தெரியும் என்றார்.

ஆனால் ஓர் இடர்ப்பாடு இருந்தது. நிலையம் நமக்கு மிக அருகில், தெளிவாகத் தெரியும் நேரம் இரண்டு நிமிடத்துக்குச் சற்றே கூடுதல். ஆசிரியர் குழாயின் மேலுள்ள குறிநோக்கியில் கண் வைத்துக் குழாயைத் தள்ளிக்கொண்டே செல்ல வேண்டும். பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராக வில்லையில் கண் வைத்து எடுக்க வேண்டும். எவரேனும் குழாயைக் கையால் பற்றிவிட்டால் எல்லாம் கலையும். எனவே எட்டுப் பேருக்கு மேல் காண இயலாது, மற்றவர்க்கு மறுநாள் என்று முடிவாயிற்று. சிறியோர் முன்னே நிறுத்தப்பட்டனர். கைகளை முதுகுக்குப் பின் கட்டிக்கொண்டு, விளக்குக் கம்பத்தில் கண் வைத்து எடுத்து அவர்கள் ஒத்திகை பார்த்ததைக் காணக் கண்கொள்ளாக் காட்சியாய் இருந்தது. விருந்தினரென்று நமக்கு முதலிடம் தந்தனர்.

மூன்று நொடிக் காட்சி

இரவு 7 மணி 26 நிமிடம். விடுதி விளக்குகள் அணைக்கப்பட்டன. தெற்கே அகத்திய விண்மீன் ஒளிர்ந்தது. அதற்கு மேலே சீரியஸ் என்னும் பேரொளி மீன். தென்மேற்கில், மலைமுகட்டின் மரங்களுக்கு மேலே, மங்கிய புள்ளியொன்று தோன்றிற்று. "அதோ!" என்று பன்னிரு குரல்கள். அது ஏற ஏற ஒளி மிகுந்தது. அகத்திய மீனுக்கு மேலாக வந்தபோது, வானிலுள்ள எந்த விண்மீனும் அதற்கு ஈடில்லை. ஆசிரியரின் குழாய் மெல்ல அசையத் தொடங்கியது. "வாருங்கள் சாமி!" என்றார்.

வில்லையில் கண் வைத்தோம். கருவானில் விண்மீன்கள் கோடுகளாய் ஓடின. அவற்றின் நடுவே அது நின்றது. புள்ளி அன்று! நடுவில் வெண்மையான உடல். குறுக்கே நீண்டதொரு தண்டு. தண்டின் இரு முனைகளிலும் செம்புநிறம் கலந்த பொன்னிறத்தில் அகன்ற தகடுகள். கதிரொளியை மின்னாற்றலாக்கும் தகடுகள் அவை. ஒருபுறம் வெயிலும் மறுபுறம் நிழலும் தெரிந்தன. மூன்று நொடிகள் இருக்கும். தோளில் ஒரு சிறு கை பட்டது. விலகினோம்.

"காவடி மாதிரி இருக்கு!" என்றான் முதற் சிறுவன். அதைவிடப் பொருத்தமான உவமை நமக்குத் தோன்றவில்லை. அடுத்தவள் ஒன்றும் பேசாமல் விலகி, வெறுங்கண்ணால் அந்தப் புள்ளியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புள்ளி இனி அவளுக்குப் புள்ளியன்று. இப்படியே அறுவர், எழுவர். நிலையம் சீரியசைக் கடந்து வடகிழக்கு நோக்கி இறங்கத் தொடங்கியது.

எட்டாவதாக நின்றவன் பத்தாம் வகுப்பு மாணவன். தன் முறை வந்ததும் அவன் பின்னால் திரும்பி, சமையற்கட்டு வாயிலில் ஈரக்கையோடு நின்ற விடுதிச் சமையற்கார அம்மையாரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தினான். அவர் மறுத்தார், மறுக்க நேரமில்லை. குனிந்து கண் வைத்தார். நெடுநேரம் பார்த்ததுபோல் இருந்தது. உண்மையில் ஐந்தாறு நொடிகளே. அதற்குள் நிலையம் பூமியின் நிழலை நெருங்கிற்று. அதன் ஒளி செம்மையாய் மாறி, குறைந்து, வடகிழக்கு வானின் நடுவிலேயே அவிந்தது.

அவ்வம்மையார் நிமிர்ந்து, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "அதுக்குள்ள இருக்கிறவங்களைப் பெத்தவங்க, கீழ நின்னு இதைப் பார்ப்பாங்களா சாமி?"

அவருடைய ஒரே மகன் திருப்பூரில் பனியன் ஆலை ஒன்றில் வேலை செய்வதையும், பொங்கலுக்குப்பின் ஊர்ப்பக்கம் வரவில்லை என்பதையும் நண்பர் பின்னர் நமக்குச் சொன்னார்.

அங்கே வாழ்வோரும் பிள்ளைகளே

"பார்ப்பார்கள் அம்மா, எந்த நாளில் எந்த ஊருக்கு மேலே வரும் என்பதை அவர்களும் தெரிந்துகொண்டு வெளியே வந்து பார்க்கலாம்" என்றோம். பின்னர் இத்தாலிய விண்வெளி வீரர் பவுலோ நெஸ்போலியைப் பற்றி அவருக்குக் கூறினோம். 2010-ஆம் ஆண்டு டிசம்பரில் நெஸ்போலி இந்நிலையத்துக்குச் சென்றார். மறு ஆண்டு மே மாதத்தில், அவர் மேலே இருந்தபோதே, அவருடைய தாய் இத்தாலியில் காலமானார். தாயின் முகத்தைக் கடைசியாகக் காணவோ, அடக்கத்தில் நிற்கவோ மகனால் வர இயலவில்லை. ஒன்றரை மணிக்கு ஒருமுறை உலகையே சுற்றி வந்தவர் தம் வீட்டு வாசலுக்கு வர வழியில்லை. அம்மாதம் 21-ஆம் நாள் திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் வத்திக்கானிலிருந்து நிலையத்தில் உள்ளோருடன் உரையாடினார். விண்ணில் உள்ளோருடன் திருத்தந்தை ஒருவர் பேசியது அதுவே முதல் முறை. அறிவியலைப் பற்றியும் உலக அமைதியைப் பற்றியும் பல கேள்விகள் கேட்ட அவர், இறுதியில் நெஸ்போலியை அழைத்து, அவருடைய தாயின் மறைவைக் குறிப்பிட்டு, அவருக்காகத் தாம் மன்றாடியதைத் தெரிவித்தார். சில நாள்களில் நெஸ்போலி பூமிக்குத் திரும்பினார்.

சுனிதா வில்லியம்சின் செய்தியையும் சொன்னோம். 2024-ஆம் ஆண்டு ஜூனில் எட்டு நாள் அளவிலான பயணமாகச் சென்ற அவரும் அவருடைய தோழரும், சென்ற ஊர்தியில் ஏற்பட்ட கோளாறுகளால் 286 நாள்களுக்குப்பின் 2025-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில்தான் திரும்பினர். அம்மையார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "பாவம்" என்ற ஒரு சொல்லோடு உலையைப் பார்க்கச் சென்றார். சற்றுநேரத்தில் அடுக்களையிலிருந்து அவர் கைப்பேசியில் மகனோடு பேசும் குரல் கேட்டது. பேச்சு விண்வெளி நிலையத்தைப் பற்றியதுதான்.

மறுநாள் மாலை 6 மணி 40 நிமிட அளவில் நிலையம் மீண்டும் வந்தது. வெளிச்சம் முற்றிலும் மறையாத வானம். முன்னாளினும் தாழ்வான பாதை. காட்சியும் சற்றுச் சிறிதே. ஆயினும் எஞ்சிய பிள்ளைகளும், தன் முறையை விட்டுக்கொடுத்த அந்த மாணவனும் கண்டனர். அவர்களுக்கு முன்னதாகவே அம்மையார் கொல்லைக்கு வந்து நின்றிருந்தார்.

நம் வீட்டு முற்றத்திலிருந்து

வாசக அன்பர்களே, இக்காட்சிக்கு மலையேற வேண்டியதில்லை. நகரத்து மொட்டை மாடியும் போதும். நிலையம் வரும் நாளும் நேரமும் திசையும் ஊர்தோறும் முன்கூட்டியே கணித்து வெளியிடப்படுகின்றன. பிள்ளைகளின் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். வானில் பாதி உயரத்துக்கு மேல் ஏறும் நாளைத் தேர்ந்துகொள்ளுங்கள். பத்து நிமிடம் முன்னதாகவே வெளியே வந்து கண்ணை இருளுக்குப் பழக்குங்கள். தொலைநோக்கி இருப்பின், குறைவாகப் பெரிதாக்கும் வில்லையையே பொருத்தி, ஒரு விண்மீனைக் கொண்டு தெளிவைச் சரிசெய்து, நிலையத்தின் பாதையில் சற்று முன்னே காத்திருங்கள். கதிரவன் வானில் இருக்கையில் மட்டும் தொலைநோக்கியைப் பிள்ளைகளிடம் தனியே விடாதீர்கள். நொடிப்பொழுதில் பார்வை போய்விடும். சீனர்கள் 2022-ஆம் ஆண்டில் கட்டி முடித்த தியான்கோங் நிலையமும் நம் வானில் வருவதுண்டு. அது சிறியது, ஒளியும் குறைவு, அதிலும் மனிதர் வாழ்கின்றனர்.

தள்ளிப்போட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறோம். நாம் சிறுவராய் இருந்தபோது, 1979-ஆம் ஆண்டு ஜூலையில், ஸ்கைலேப் என்னும் அமெரிக்க விண்வெளி நிலையம் விழப்போகிறதென்று ஊரெல்லாம் அஞ்சியது முதியோர் பலருக்கு நினைவிருக்கும். அது அம்மாதம் 11-ஆம் நாள் இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் சிதறி விழுந்தது. ரஷ்யரின் மிர் நிலையம் 2001-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் பசிபிக் கடலில் திட்டமிட்டு வீழ்த்தப்பட்டது. இப்போதுள்ள பன்னாட்டு நிலையமும் முதுமையடைந்து வருகிறது. 2030-ஆம் ஆண்டளவில் அதன் பணியை முடித்து, ஆளரவமற்ற கடற்பரப்பில் பாதுகாப்பாக இறக்கத் திட்டமிட்டு, இழுத்து இறக்குவதற்கான ஊர்தியைச் செய்யும் பணியை 2024-ஆம் ஆண்டு ஜூனிலேயே ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்துள்ளனர்.

எனவே, இவ்வாண்டிலேயே ஒரு மாலை, தொலைக்காட்சியை அணைத்துவிட்டுக் குடும்பத்தோடு முற்றத்துக்கு வாருங்கள். பாட்டியையும் கைப்பிடித்து அழைத்து வாருங்கள். தொலைநோக்கி இல்லாவிடினும் குற்றமில்லை. அதோ செல்லும் ஒளியில் எழுவர் இருக்கின்றனர், அவர்களுக்கும் வீட்டில் காத்திருப்போர் உண்டு என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அன்றைய குடும்ப செபத்தில், தொலைவில் பிழைக்கச் சென்றிருக்கும் நம் வீட்டாரை நினைக்கும்போது, அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.